வெயில்ல ஒழுகும், மழைல நின்னுடும்: எங்க நீச்சல் குளமும் அதைச் சுத்தி இருந்த களிமண்ணும்

எங்க வீட்டு ஸ்விம்மிங் பூல் வெயில் காலத்துல ஒழுகும், மழை புடிச்சா தானா நின்னுடும். மூணு வருஷம் இதே கதை. ஒவ்வொரு மழைக்காலமும் "சரி, ரிப்பேர் புடிச்சுக்கிச்சு"ன்னு நிம்மதியா இருப்பேன், அடுத்த வெயில்ல திரும்ப ஆரம்பிச்சுடும். ஓட்டையா இருந்தா எப்பவும் ஒழுகணும்தானே, சீசன் பார்த்து ஒழுகுற ஓட்டை எங்கயாவது இருக்குமான்னு எனக்குப் புரியவே இல்ல. இப்ப புரிஞ்சுடுச்சு, அதைத்தான் எழுதறேன். பூல் வச்சிருக்கிறவங்களும் சரி, கட்டப் போறவங்களும் சரி, கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நான் பண்ண செலவுல பாதிக்கு மேல தப்பான இடத்துல பண்ணது.

முதல்ல அளவைச் சொல்லிடறேன், அப்பதான் கணக்கு புரியும். பூல் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 1.2 மீட்டர், இன்னொரு பக்கம் 1.8. மேல்பரப்பு 32 சதுர மீட்டர் வருதா, அப்ப தண்ணி 1 மில்லிமீட்டர் இறங்கினா 32 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். இந்த 32-ங்கிற நம்பர் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. உங்க பூலுக்கும் நீளத்தை அகலத்தால பெருக்கி வச்சுக்கோங்க, "ஒரு விரக்கட இறங்கிடுச்சு"ன்னு பேசிட்டு இருக்கிறதை விட லிட்டர்ல பார்த்தா விஷயம் எவ்வளவு பெருசுன்னு சட்டுனு உறைக்கும்.

லீக் இருக்குன்னே எனக்கு ரொம்ப நாள் தெரியல. காரணம் ஆட்டோ ஃபில் வால்வு. ஃப்ளஷ் டேங்க்ல இருக்கிற மிதவை மாதிரிதான் அதுவும், லெவல் குறைஞ்சா தானா தொறந்து நிரப்பிடும், அதனால பூல் எப்ப பார்த்தாலும் தளும்பத் தளும்ப இருக்கும், பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. நான் கவனிச்சது உப்பை வச்சு. எங்களோடது உப்புத் தண்ணில இருந்தே குளோரின் தயாரிக்கிற சிஸ்டம், அதுல உப்பு அளவு இறங்கிட்டே இருந்துச்சு, மூட்டை மூட்டையா கொட்டினேன், திரும்ப இறங்குச்சு. இங்கதான் யோசிக்கணும்: தண்ணி ஆவியாப் போனா உப்பு போகாது, பூல்லயே தங்கிடும், தண்ணி ஒழுகினா மட்டும்தான் உப்பையும் சேர்த்து எடுத்துட்டுப் போகும். ஃபில்டர் கழுவுற தண்ணில கொஞ்சம் போகும், மழைல பூல் நிரம்பி வழிஞ்சா போகும், இது ரெண்டும் இல்லாமலே உப்பு குறையுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னுதான் அர்த்தம்.

அப்புறம் வாளி டெஸ்ட். எல்லாரும் சொல்றதுதான், ஆனா நிறைய பேர் அரைகுறையா பண்றாங்க. ஒரு வாளில பூல் தண்ணியையே மொண்டு, உள்ள ஒரு கல்லைப் போட்டு, படிக்கட்டுல உட்கார வைக்கணும். வாளிக்குள்ள இருக்கிற தண்ணியும் வெளியில இருக்கிற தண்ணியும் ஒரே மட்டத்துல இருக்கணும், அப்பதான் ரெண்டும் ஒரே வெயிலையும் ஒரே காத்தையும் வாங்கும். ரெண்டுக்கும் கோடு போட்டு 24 மணி நேரம் விடணும். அந்த 24 மணி நேரமும் ஆட்டோ ஃபில் மூடி இருக்கணும், யாரும் இறங்கக் கூடாது, மழை பெய்யக் கூடாது. ஒரு நாள் பம்ப் ஆஃப்ல, மறுநாள் பம்ப் ஓட விட்டுன்னு ரெண்டு தடவை பண்ணணும். எனக்கு வாளில 6 மில்லிமீட்டர் இறங்குச்சு, நல்ல காத்தும் வெயிலும் இருக்கிற நாள்ல ஆவியாகிறது அவ்வளவு சகஜம். ஆனா பூல் 18 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு, அதுவும் பம்ப் ஆஃப்ல. பம்ப் ஓடின நாள்ல 21. அப்ப ஆவியைக் கழிச்சா ஒரு நாளைக்கு 12 மில்லிமீட்டர், 384 லிட்டர், சும்மா மண்ணுக்குள்ள போகுது. பம்ப் ஓடினா இன்னொரு 3 மில்லிமீட்டர், அதாவது 96 லிட்டர் கூடுதலா. இந்தக் கணக்கைப் போட்டதும்தான் பிரச்சனை ஒண்ணு இல்ல ரெண்டு இருக்குன்னு தெரிஞ்சது. தொட்டில ஒண்ணு, பம்புக்கு அப்புறம் வர்ற பிரஷர் பைப்புல ஒண்ணு.

அப்ப வந்த முதல் ஆள் தண்ணி மட்டத்துல இருக்கிற டைல் வரிசைல ஒரு வெடிப்பைக் காட்டி "இதுதான்"னு சொன்னாரு. வெடிப்பு நிஜமாவே இருந்துச்சு, அவர் பொய் சொல்லல. எபாக்ஸி வச்சு அடைச்சுட்டுப் போனாரு. ரெண்டு வாரத்துல மழை ஆரம்பிச்சது, லீக் நின்னுடுச்சு. நான் போன் போட்டு நன்றி எல்லாம் சொன்னேன். அடுத்த வெயில்ல பார்த்தா எபாக்ஸி வச்ச இடம் கல்லு மாதிரி அப்படியே இருக்கு, அதுக்கு ஒரு விரல் தள்ளி புதுசா ஒரு வெடிப்பு ஓடுது. எபாக்ஸி காங்கிரீட்டை விட கெட்டியானது, இனிமே அசையவே போறதில்லைங்கிற வெடிப்புக்கு அது அருமையான மருந்து. ஆனா சுவரு இன்னும் அசைஞ்சுட்டு இருந்தா, ஒட்டின இடம் விடாது, பக்கத்துல இருக்கிற பலவீனமான இடம் விட்டுடும். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "இந்த வெடிப்பை எதை வச்சு அடைக்கலாம்" இல்ல, "இந்தச் சுவரு ஏன் அசையுது"ங்கிறதுதான். அதை நானும் கேக்கல, வந்தவரும் கேக்கல.

கேட்டது ஒரு வயசான மேஸ்திரி. வேற ஏதோ காம்பவுண்டு வேலைக்கு வந்தவரு. நான் பூலுக்குள்ள குனிஞ்சு டைலைத் தடவிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு, "தம்பி, தொட்டியைப் பார்த்தது போதும், வெளியில வந்து மண்ணைப் பாருங்க"ன்னாரு. மரம் நிக்கிற பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. கோப்பிங் கல்லுக்கும் (பூல் விளிம்புல பதிக்கிற கல்லு) புல்தரைக்கும் நடுவுல தரை பிளந்து கிடந்துச்சு. நான் தினமும் அந்த வழியாத்தான் நடக்கிறேன், வெயிலுக்கு வெடிச்சிருக்குன்னு விட்டிருக்கேன். அவரு ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்தப் பிளவுல விட்டாரு, அது எங்கயும் முட்டாம 30 சென்டிமீட்டர் முழுசும் உள்ள போயிடுச்சு, நுனியை மட்டும் ரெண்டு விரல்ல புடிச்சுட்டு நின்னாரு. "உங்க சுவருக்கு இந்தப் பக்கம் இப்ப ஆதரவே கிடையாது"ன்னு சொன்னாரு. எனக்கு அந்த ஸ்கேல் உள்ள இறங்கின காட்சி இன்னும் கண்ணுலயே இருக்கு.

விஷயம் இதுதான். எங்க இடம் கரிசல் மாதிரி களிமண். அந்த மாதிரி களிமண்ணோட துகள் கண்ணுக்குத் தெரியாத தகடு தகடா இருக்கும், ஈரம் பட்டா தகடுகளுக்கு நடுவுல தண்ணி புகுந்து மண்ணே உப்பும், காஞ்சா சுருங்கும். வெயில்ல மண்ணு சுருங்கி சுவரை விட்டு விலகிடுது. ஆனா உள்ள இருக்கிற தண்ணி விலகாது, 1 மீட்டர் ஆழத்துல ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் ஏறக்குறைய 1 டன் வெளிப்பக்கமா தள்ளிட்டு இருக்கு. வெளியில தாங்க மண்ணு இல்லாததால சுவரு மயிரிழை அளவு வெளியில சாயுது, வெடிப்பு வாய் தொறக்குது, தண்ணி போகுது. மழை பெஞ்சதும் மண்ணு உப்பி சுவரை உள்ள தள்ளுது, வெடிப்பு மூடிக்குது, லீக் நிக்குது. நான் ரிப்பேர் வேலை செஞ்சுதுன்னு நினைச்சதெல்லாம் மழை செஞ்ச வேலை.

இதுல சுத்தி இருக்கிற மண்ணு எல்லாம் ஒரே மாதிரி உப்பி ஒரே மாதிரி சுருங்கினா கூட தொட்டி ஓரளவு தாங்கிக்கும். ஒரு பக்கம் உப்பி இன்னொரு பக்கம் சுருங்கினாத்தான் முறுக்கிடும். எங்க பூலுக்கு ஒரு பக்கம் பெரிய மரம், அது வெயில்ல மண்ணுல இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிடும். எதிர்ப்பக்கம் மொட்டை மாடித் தண்ணி இறங்குற பைப், அது நேரா பூல் ஓரத்துல கொட்டிட்டு இருந்துச்சு, கூடவே புல்லுக்கு தினமும் தண்ணி. ஒரு பக்கம் ஓடா காயுது, இன்னொரு பக்கம் சேறா ஊறுது, நடுவுல தொட்டி மாட்டிக்கிச்சு. பத்தாததுக்கு இடம் சரிவு, ஒரு பாதியை வெட்டி எடுத்து அந்த மண்ணையே இன்னொரு பாதில கொட்டி மட்டம் பண்ணியிருக்காங்க. வெட்டின பக்கம் இயற்கையா இறுகின மண்ணு, கொட்டின பக்கம் பொலபொலன்னு. கொட்டுற மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்கா போட்டு, ஈரம் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கணும். எங்க இடத்துல லாரில கொண்டு வந்து மொத்தமா தள்ளிட்டாங்க போல, அது வருஷக்கணக்கா இறங்கிட்டே இருந்திருக்கு.

கட்டப் போறவங்க தயவு செஞ்சு இதை ஒண்ணு மட்டும் பண்ணுங்க: டிசைன் பார்க்கிறதுக்கு முன்னாடி மண் பரிசோதனை. குழி போட்டு என்ன மண்ணு, எத்தனை அடுக்கு, தண்ணி எந்த ஆழத்துல நிக்குதுன்னு பார்த்துட்டு அதுக்கேத்த கம்பி, அதுக்கேத்த அஸ்திவாரம். டைல் கலருக்கு செலவு பண்ற நேரத்துல கால்வாசி இதுக்குப் போதும்.

சரி, எங்க லீக்குக்கு வர்றேன். ஆட்டோ ஃபில்லை மூடி வச்சு லெவல் எங்க போய் நிக்குதுன்னு பார்த்தேன். ஸ்கிம்மர், அதாவது மேல மிதக்கிற குப்பையை இழுத்துக்கிற சுவர் வாய், அதோட கீழ் உதடு வரைக்கும் வேகமா இறங்கி, அதுக்கப்புறம் வாளியும் பூலும் ஏறக்குறைய ஒரே அளவுல இறங்க ஆரம்பிச்சது. தண்ணி எந்த மட்டத்துல வேகம் குறையுதோ அந்த மட்டத்துலயோ அதுக்குக் கொஞ்சம் மேலயோதான் ஓட்டை. லைட் இருக்கிற உயரத்துல நின்னா லைட்டுக்குப் பின்னாடி ஒயர் போற குழாயைச் சந்தேகப்படணும். எங்கயும் நிக்காம கீழ வரைக்கும் போனா அடில தண்ணியை இழுக்கிற வாயான மெயின் டிரெயின், தரை வெடிப்பு, இல்லன்னா கீழ ஓடுற பைப்.

திரும்ப நிரப்பி டை டெஸ்ட் பண்ணோம். விடியகாலைல, காத்து இல்லாத நேரம், பம்பை ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் தண்ணியைத் தூங்க விட்டு, நான் கண்ணாடி போட்டுட்டு இறங்கி, சிரிஞ்சுல சிவப்புச் சாயத்தை எடுத்து ஸ்கிம்மர் வாய்ல, பிளாஸ்டிக்கும் காங்கிரீட்டும் சேர்ற மூலைல ஒரு சொட்டு விட்டேன். ஒரு நூல் மாதிரி அப்படியே நின்னுச்சு. ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு நூலோட நுனி மெதுவா வளைஞ்சு, அந்த மூலைக்குள்ள போக ஆரம்பிச்சு, பின்னாடியே மிச்சம் எல்லாம் சர்ருனு உள்ள போயிடுச்சு. நான் மூச்சு விட்டா கலைஞ்சிடுமோன்னு அசையாம பார்த்துட்டு இருந்தேன். அத்தனை மாசமா தேடினது அந்த மூலைல நகத்தை வச்சா கூட புடிபடாத ஒரு இடைவெளி.

ஸ்கிம்மர் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, முன்பக்கம் காங்கிரீட் சுவர்ல கட்டியிருக்கும், பின்பக்கம் வெளியில நிரப்பின மண்ணு மேல உட்கார்ந்திருக்கும். அந்த மண்ணு இறங்கினா பெட்டி பின்னால தொங்கும், கழுத்துல விட்டுடும். வெயில்ல பிளாஸ்டிக் விரியுறதும் காங்கிரீட் விரியுறதும் வேற வேற அளவு, பிவிசி காங்கிரீட்டை விட சுமார் அஞ்சு மடங்கு விரியும், அதனால அந்த ஜாயின்ட் தினமும் இழுபட்டுட்டே இருக்கும். டைல் வெடிப்புலயும் சாயம் போச்சு, ஆனா ஸ்கிம்மர் அளவுக்கு இல்ல.

பைப் லீக்கை பிரஷர் டெஸ்ட்ல புடிச்சோம், பைப்போட ரெண்டு முனையையும் ரப்பர் பிளக் வச்சு அடைச்சு சுமார் 1 பார் அழுத்தம் ஏத்தி மீட்டரைப் பார்த்தா முள்ளு கண்ணு முன்னாடியே இறங்குச்சு. டெக்கை, அதாவது பூலைச் சுத்தி இருக்கிற நடைதளத்தை உடைச்சா, சுவரைத் தாண்டின உடனே இருக்கிற எல்போ ஜாயின்ட் விலகி இருக்கு. மண்ணு இறங்கும்போது பைப்பையும் சேர்த்து இழுத்திருக்கு, சுவரு விடல, பசை விட்டுடுச்சு.

இந்த நேரத்துலதான் பெரிய தப்பு ஒண்ணு நடக்க இருந்துச்சு. ரெண்டாவதா வந்த ஒருத்தர், தொட்டியை முழுசா காலி பண்ணி பிளாஸ்டர் புதுசா போட்டாத்தான் தீரும், உடனே பண்ணலாம்னாரு. நல்ல மழை பெஞ்சு ஓய்ஞ்ச நேரம் அது. மேஸ்திரி கேட்டுட்டு ஒண்ணும் பேசாம கடப்பாரையை எடுத்து பூல்ல இருந்து ஒரு மீட்டர் தள்ளி குழி தோண்ட ஆரம்பிச்சாரு. முழங்கால் ஆழம் தாண்டினதும் பக்கத்துல இருந்து தண்ணி ஊற ஆரம்பிச்சது, மறுநாள் காலைல பார்த்தா தரைல இருந்து 60 சென்டிமீட்டர் கீழ தண்ணி தெளிஞ்சு நிக்குது. அப்ப என்ன அர்த்தம், பூலோட அடித்தரையை விட நிலத்தடித் தண்ணி ஏறக்குறைய 1 மீட்டர் மேல இருக்கு. 32 சதுர மீட்டர் தரை, 1 மீட்டர் தண்ணி, கீழ இருந்து தூக்குற விசை 32 டன். எங்க தொட்டியோட காங்கிரீட் எடையைப் போட்டுப் பார்த்தா அதுவும் 32, 33 டன்தான் வருது. உள்ள 48 டன் தண்ணி இருக்கிற வரைக்கும் அது அசையாது. காலி பண்ணா அது படகு. இன்னொரு மழை பெஞ்சா மொத்தமா மேல கிளம்பிடும், இல்லன்னா அடித்தரை உப்பி வெடிச்சுடும், பைப் எல்லாம் அறுந்துடும். அதுக்கப்புறம் ரிப்பேர்னு ஒண்ணு கிடையாது.

அதனால இதைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், மழைக்காலத்துலயும் மழை முடிஞ்ச கையோடயும் யார் சொன்னாலும் பூலைக் காலி பண்ணாதீங்க. முதல்ல குழி தோண்டி தண்ணி மட்டத்தைப் பாருங்க. மெயின் டிரெயின்ல ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வுனு ஒண்ணு இருந்தா வெளித் தண்ணி அழுத்தம் ஏறும்போது அது தொறந்து தண்ணியை உள்ள விட்டு தொட்டியைக் காப்பாத்தும். ஆனா அதுல ஒரு கல்லோ குப்பையோ சிக்கி மூடாம நின்னுட்டா, வெளித் தண்ணி இறங்கினதும் அதே வழியா பூல் தண்ணி வெளியில போகும். அதுவும் மண்ணும் மழையும் சேர்ந்து பண்ற லீக்தான், நிறைய பேர் அதைச் சோதிக்கிறதே இல்ல.

நாங்க காத்திருந்தோம். குழில தண்ணி மட்டம் அடித்தரைக்குக் கீழ போற வரைக்கும் வாரா வாரம் பார்த்தோம். அதுக்கப்புறமும் முழுசா காலி பண்ணல, ஸ்கிம்மருக்குக் கீழ வரைக்கும் மட்டும் இறக்கி வேலை பார்த்தோம். ஸ்கிம்மரை எடுத்துட்டு அதுக்கு அடில பொலபொலன்னு இருந்த மண்ணை அள்ளி, காங்கிரீட் படுக்கை போட்டு, அது மேல புது ஸ்கிம்மர். பைப்புக்கு மணல் மெத்தை, சுவரைத் தாண்டுற இடத்துல வளையுற பிவிசி பைப். டைல் வெடிப்புல இந்தத் தடவை கெட்டி எபாக்ஸி வேணாம்னு சொல்லி, ரப்பர் மாதிரி நெளிஞ்சு கொடுக்கிற பாலியூரித்தேன் இன்ஜெக்ஷன். கோப்பிங்குக்கும் டெக்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளில யாரோ முன்னாடி சிமெண்ட் பூசி வச்சிருந்தாங்க, அதைச் செதுக்கி எடுத்துட்டு நுரை ரப்பர் கயிறு வச்சு மேல சீலண்ட் போட்டோம். அந்த இடைவெளி அழகுக்கு வச்சது இல்ல, வெயில்ல டெக் விரிஞ்சு தொட்டியோட மேல் விளிம்பைத் தள்ளாம இருக்கவும், மழைத் தண்ணி சுவருக்குப் பின்னாடி இறங்காம இருக்கவும் வச்சது.

ஆனா உண்மையான வேலை தொட்டிக்கு வெளியிலதான் நடந்துச்சு. மாடித் தண்ணி பைப்பை பூலைத் தாண்டி தூரமா கொண்டு போனோம். டெக் சரிவை 1 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வெளிப்பக்கமா திருத்தினோம். ஈரப் பக்கத்துல ஜல்லி நிரப்பின கால்வாய் வெட்டி, அடில ஓட்டை போட்ட பைப்பைத் துணி சுத்திப் பதிச்சு, சரிவு போற பக்கம் தண்ணியை வெளியேத்தினோம். காய்ஞ்ச பக்கத்துக்கு சொட்டு நீர்க் குழாய், வெயில்ல மண்ணு பிளக்காத அளவுக்கு மட்டும் ஈரம். மரத்தை வெட்டிடலாம்னு வீட்ல பேச்சு வந்துச்சு, எனக்கு மனசு இல்ல, மேஸ்திரியும் வேணாம்னாரு. அவரு சொன்ன காரணம் நான் யோசிக்காதது: அத்தனை வருஷமா மரம் உறிஞ்சிட்டு இருந்த ஈரம் இனிமே மண்ணுலயே தங்கும், களிமண்ணு வருஷக்கணக்கா உப்பிட்டே வரும், இப்ப வெளில சாயுற சுவரு அப்ப உள்ள தள்ளப்படும். அதனால வேர் வராம தடுக்கிற தகடை 1 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினோம், மரம் இருக்கு.

எல்லா மண்ணும் இப்படி இல்ல. ஒரு நண்பரோட பூல் மணல் பூமில. அவருக்கு எங்கயும் ஈரமே தெரியல, மணல் தண்ணியை உடனே உறிஞ்சி கீழ அனுப்பிடும். களிமண்ணா இருந்தா சொதசொதன்னு காட்டிக் கொடுத்திருக்கும். அவருக்குத் தெரிஞ்சது டெக்ல ரெண்டு கல்லு லேசா இறங்கினப்பதான். சுத்தியல் பின்பக்கத்தால தட்டினா டொக்கு டொக்குனு வெறும் சத்தம், கீழ பைப் லீக் மணலை அரிச்சு குகை மாதிரி ஆக்கியிருக்கு. மணல் பூமில இருக்கிறவங்க மாசத்துக்கு ஒரு தடவை டெக்கைத் தட்டிப் பார்க்கிறது நல்லது. பனி விழுற ஊர்ல இருக்கிறவங்களுக்கு வேற கவலை, தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருசாகும், பைப்புல தேங்கின தண்ணி பைப்பைப் பிளந்துடும், குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லைன்ல காத்தடிச்சு காலி பண்ணணும்.

இப்ப ஒரு நோட்டு வச்சிருக்கேன். தேதி, வாளி, பூல், மழை பெஞ்சுதா, குழித் தண்ணி மட்டம், அவ்வளவுதான். போன வெயில்ல உச்சத்துல வாளி 6, பூல் 7. மேஸ்திரி தோண்டின குழில ஓட்டை போட்ட பைப் ஒண்ணை நட்டு மூடி போட்டாச்சு, குச்சி விட்டு மட்டம் பார்க்கலாம். ஆழமான பக்கத்து மூலைல, கோப்பிங்குக்குக் கீழ ஒரு மயிரிழை வெடிப்பை மட்டும் வேணும்னே அடைக்காம விட்டிருக்கோம். ரெண்டு முனைலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதியிருக்கேன். ஒரு முழு வெயிலும் ஒரு முழு மழையும் கடந்து அந்தக் கோட்டைத் தாண்டாம இருந்தாத்தான் அதுக்கு மேல பூசணும்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போயிருக்காரு. வெயில் தாண்டிடுச்சு, கோடு அப்படியே இருக்கு. மழை இன்னும் பாக்கி.